பழைய ஆயிலுக்குக் கூடிய கூட்டம்

என் மச்சானின் மீசை மேல் மல்லாந்து படுத்திருந்தேன். தலைக்கு மேலே கார். காரின் அடிவயிற்றில், சரியாக என் நெற்றிக்கு நேரே ஒரு நட்டு. அதைக் கழற்றினால் கியர் பாக்ஸ் ஆயில் இறங்கும் என்று சேகர் சொல்லியிருந்தான். எந்தப் பக்கமாகத் திருகுவது என்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு.

"வலது பக்கம்ணே."

"நான் மல்லாக்கப் படுத்துக் கெடக்கேன். யாரு வலது?"

"என் வலதுண்ணே."

அவன் காருக்கு வெளியே குந்தியிருந்தான். அவன் வலது என் இடது. இரண்டு பேரும் இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே நட்டு தானாக முடிவெடுத்துவிட்டது. வெதுவெதுப்பாக ஒரு சொட்டு என் நெற்றியில் விழுந்தது. அடுத்தது மூக்கில். பிறகு சொட்டு என்று சொல்ல முடியாத அளவுக்கு வர ஆரம்பித்தது.

மீசையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மனைவி வீட்டாரிடமிருந்து பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் வரும்.

ஆலங்குடியில் நான் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருப்பது சென்ற வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் எது நடந்தாலும் அந்த முகங்கள் என் மெஷின் வழியாகத்தான் வெளியே வரும். என் மனைவியின் அண்ணன் கருப்பையா மச்சான் பேத்தியின் காதணி விழாவுக்கும் நான்தான் அடித்தேன். நீள அகலத்தில் ஏதோ கோளாறு. மச்சான் முகம் தோசை மாதிரி பக்கவாட்டில் பரவிவிட்டது. மீசை மட்டுமே ஓர் ஆள் நீளம்.

அவர் பேனரை விரித்துப் பார்த்தார். "இது நான் இல்ல மாப்ள. என்னய லாரி ஏத்துனதுக்கப்புறம் எடுத்த படம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதைத்தான் அன்று காருக்கு அடியில் விரித்திருந்தோம். எங்கள் தெருக்கோடியில் முத்தையாவின் தேங்காய்க் களம் இருக்கிறது. மேடு பள்ளம் இல்லாத சிமெண்டுத் தரை. அதன் நடுவே டிராக்டருக்கு ஆயில் மாற்ற முழங்கால் ஆழத்தில் ஒரு குழி வெட்டியிருப்பார்கள். குழிக்குள் மச்சான். மச்சான் மேல் நான். எனக்கு மேல் கார்.

யாருடைய ஆயுள்?

கார் என்னுடையது அல்ல. ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். அது என் மனைவி தனத்தின் கார்.

தனலெட்சுமிக்கு இடது முழங்காலில் தேய்மானம். பழைய காரில் கிளட்சை மிதித்து மிதித்து, ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை போய் இறங்கினால் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஓட்டுவதை விட்டுவிடு என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் ஓட்டுவதை விடவில்லை, கிளட்சை விட்டாள். விசாரித்து, அலைந்து, கியர் தானாக மாறும் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைப் பிடித்தாள். இடது கால் சும்மா இருக்கலாம்.

சும்மா இருக்கத் தெரியாத ஒரு கால் அந்தக் காரில் உண்டு. அது என்னுடையது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் பிரேக் போடுவேன். அங்கே பிரேக் இல்லை என்பது என் மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. என் பக்கத்து மேட் மட்டும் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது. கால் மிதிக்கும்போது வாயும் கூடவே ஓடும். "மாடு வருது... மெதுவா... பஸ்ஸு, பஸ்ஸு... ஏன் இவ்வளவு மெதுவா?"

காரை விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "எஞ்சின் ஆயில் மட்டும் மாத்துங்க. கியர் பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் வரும்." யாருடைய ஆயுள் என்று நான் கேட்கவில்லை. தனம் கேட்டாள். கேட்டதோடு நிற்காமல் காரோடு வந்த புத்தகத்தையும் படித்தாள். நான் கல்யாணப் பத்திரிகை தவிர எதையும் கடைசி வரை படித்தவன் அல்ல.

"மாத்தணும்னு போட்டுருக்குங்க. நம்ம வண்டி அந்தத் தூரத்தத் தாண்டிருச்சு. நாளைக்கழிச்சு நான் குடுமியான்மலைக்கு எடுத்துட்டுப் போகணும்."

குடுமியான்மலைக் கோயிலில் அவளோடு படித்த தோழி ஒருத்தியின் மகளுக்குக் கல்யாணம். பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு அவளே ஓட்டிப் போவதாக ஏற்பாடு. இதற்கு முன் அவள் தனியாகப் போன தூரமெல்லாம் காய்கறிச் சந்தையோடு சரி. மூன்று பேரும் புதுச் சேலை எடுத்து, யார் முன் சீட்டில் உட்காருவது என்று சண்டை போட்டு, சமாதானமும் ஆகியிருந்தார்கள்.

கருப்பையா மச்சானுக்கு இது பிடிக்கவில்லை. அவரிடம் வேன் இருக்கிறது. வேனுக்கு டிரைவர் இருக்கிறார். "பழைய ஆட்டோமேட்டிக்க நம்பி விடியக்காலைல பொம்பளைக எதுக்குக் கெளம்பணும்? வேன அனுப்புறேன், ஏறிப் போயிட்டு வாங்க" என்றார்.

தனம் அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள். "வேன்ல பின்னாடி ஒக்காந்து போறதுக்கு எனக்கு எதுக்குங்க லைசென்சு?"

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குள் ஒரு வீரன் எழுந்தான். "ஆயில நானே மாத்துறேன்" என்று சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை வர்ணிக்க இந்தப் பக்கத்தில் இடம் போதாது.

வண்டி பிரச்சினை இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். அதைக் கெடுக்கும் வாய்ப்பு முழுக்க முழுக்க எனக்குத்தான் இருந்தது.

குவைத் நிபுணர்

புதுக்கோட்டையில் உதிரி பாகங்கள் விற்கும் கடையில் வண்டியின் பெயரைச் சொன்னதும், கல்லாவில் இருந்த அம்மா எந்த ஆயில் என்று பார்த்து எடுத்து வைத்தார். நட்டுக்கு ஒரு புது வாஷரும் கொடுத்தார்.

"பழசு எவ்வளவு எறங்குதோ, அளந்து அதே அளவு புதுசு ஊத்துங்க சார். கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. அப்புறம் எஞ்சின ஓட விட்டுக் குச்சியில பாருங்க."

நான் எல்லாம் தெரிந்தவன் போலத் தலையாட்டினேன். தலையாட்டும்போது காதில் விழுவது உள்ளே போவதில்லை. இது எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே உள்ள அமைப்பு.

துணைக்குச் சேகரைப் பிடித்தேன். எதிர் வீட்டுப் பையன் என்று சொல்லக்கூடாது. அவனுக்கே இப்போது முன்தலை வழுக்கை. பல வருடம் குவைத்தில் இருந்துவிட்டு வந்து கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். குவைத்தில் பெரிய கார் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தான் என்பது எங்கள் தெரு முழுக்கத் தெரிந்த செய்தி. யார் வீட்டு மிக்ஸி நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வந்து பார்த்து, "குவைத்துல இந்த மாடல் கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போவான்.

காலையில் காரை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை ஒரு சுற்றுப் போய் வந்தோம். ஆயில் கொஞ்சம் சூடானால்தான் நன்றாக இறங்கும். களத்தில் காரைக் குழிக்கு மேல் நிறுத்திச் சக்கரங்களுக்கு முட்டுக் கல் வைத்தோம். நான் உள்ளே சறுக்கிப் போய்ப் படுத்ததும் சேகர் கீழே குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். யாருகிட்டயும் சொல்லக்கூடாது."

"சொல்லு."

"குவைத்துல நான் பாத்தது வாட்டர் சர்வீஸுண்ணே."

"அப்படின்னா?"

"கார் கழுவுறது."

இதைச் சொல்ல அவன் தேர்ந்தெடுத்த நேரத்தைப் பாருங்கள். நான் குழிக்குள், என் நெஞ்சுக்கு மேல் ஒரு டன் இரும்பு.

"ஆனா கழுவும்போது கீழ எல்லாத்தையும் பாத்துருக்கேண்ணே. எஞ்சின் நட்டு அங்கிட்டு, கியர் பாக்ஸ் நட்டு இங்கிட்டு. பக்கத்துல மெக்கானிக் மாத்துறதயும் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்."

அவன் காட்டிய நட்டு புத்தகத்தில் இருந்த படத்தோடு ஒத்துப்போனது. அதற்குப் பிறகுதான் வலது இடது விவகாரமும், மேலே சொன்ன அபிஷேகமும்.

ஆயில் எப்படி இருந்தது தெரியுமா? புதிது ரோஸ்மில்க்குக்கு ஊற்றும் சிவப்பு. எங்களுடையது நன்னாரி சர்பத். கரி வாடை இல்லை. கையில் தொட்டுத் தேய்த்தால் மண் இல்லை, மணல் இல்லை. "நல்லா வச்சிருக்காங்கண்ணே அண்ணி" என்றான் சேகர். அடியில் வைத்த பேசினுக்குள் அது வழவழவென்று இறங்குவதைப் பார்க்க மனதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு நான் வெளியே வந்தேன். மச்சானின் மீசைக்கு அன்று முதன்முறையாகப் பளபளப்பு வந்திருந்தது.

வள்ளல்

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

களத்தில் ஒரு வண்டிக்கு ஆயில் இறக்கினால், ஊருக்கு எப்படித்தான் தெரியுமோ, காலி பாட்டிலோடு வந்து நிற்பார்கள். பழைய ஆயிலுக்கு அத்தனை கிராக்கி. மாட்டுக் கொட்டகைக் காலில் கரையான் ஏறாமல் தடவுவார்கள். மண்வெட்டி துருப்பிடிக்காமல் பூசுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்டுக்கு.

எங்கள் தெருவில் ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு குரல் உண்டு. ராசாத்தி அக்கா வீட்டுக் கேட் ஆடு மாதிரி கத்தும். சேகர் வீட்டுக் கேட் விக்கும். எங்கள் வீட்டுக் கேட் கிரீச்சென்று ஆரம்பித்துப் பெரிய பாட்டுக்காரர் மாதிரி இழுத்து முடிக்கும். நான் அலாரம் வைத்து எழுந்த ஆள் இல்லை. விடிகாலையில் கோலம் போடத் தனம் கேட்டைத் திறப்பாள். அது கத்தும். நான் எழுவேன். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் இந்த ஏற்பாடு தவறியதில்லை.

அன்றும் வந்துவிட்டார்கள். பால் வியாபாரம் பார்க்கும் ராசாத்தி அக்கா, களத்துக்காரர் முத்தையா, இன்னும் ஓரிருவர். கலர் பாட்டில், தண்ணீர் பாட்டில், ஒருவர் கையில் ஊறுகாய் ஜாடி.

"தம்பி, இது என்ன செவப்பா இருக்கு? டிராக்டர் ஆயில் கருப்பால்ல வரும்?"

"இது ஆட்டோமேட்டிக் ஆயிலுக்கா. ஒசத்தி."

உசத்தி என்ற வார்த்தை வாயிலிருந்து வந்ததும் எனக்கே ஒரு மிதப்பு. கடைசிச் சொட்டு விழும் வரை காத்திருக்க வேண்டும் என்பதால் நானும் சேகரும் டீக்குக் கிளம்பினோம். கிளம்பும்போது கையை அகல விரித்து, "எல்லாரும் எடுத்துக்கங்க, சண்ட போடாம" என்றேன். பேனரில் எத்தனையோ பேருக்கு 'வாரி வழங்கும் வள்ளலே' என்று அடித்திருக்கிறேன். எனக்கு நானே அடித்துக்கொண்டது அன்றுதான்.

டீக்கடையில் முதல் வாய் உள்ளே போனது. இரண்டாவது வாய் போகும்போது, கடைக்கார அம்மாவின் குரல் எங்கிருந்தோ வந்து காதில் விழுந்தது. பழசு எவ்வளவு எறங்குதோ, அளந்து.

நான் சேகரைப் பார்த்தேன். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அளந்தோமா?" என்றேன்.

"நீங்க அளந்துருப்பீங்கன்னு நெனச்சேண்ணே."

ஓடினோம். பேசின் சுத்தமாக இருந்தது. யாரோ தேங்காய் நாரால் துடைத்துக்கூட எடுத்திருந்தார்கள்.

தெருவை அளந்தவன்

கூடினாலும் வம்பு, குறைந்தாலும் வம்பு. விடிந்தால் தனம் கிளம்ப வேண்டும். இல்லையென்றால் வேன். வீட்டுப் பக்கம் பார்க்காமலே நான் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

முத்தையா கலர் பாட்டில் நிறைய எடுத்து வைத்திருந்தார். நல்லவேளை, இன்னும் தொடவில்லை.

"அந்த ஆயிலக் கொஞ்சம் குடுங்க."

அவர் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனார். "குடுத்தத திருப்பிக் கேக்குறியா ராசு? அதுவும் என் களத்துல எறக்குன ஆயில?"

"திருப்பி வேணாம். அளந்துட்டுத் தாரேன்."

"அளந்து?"

"திரும்பத் தருவேன்."

"அப்ப எதுக்கு அளக்குற?"

விளக்கினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "ஏன்டா, இதுக்கா வள்ளல் மாதிரிக் கையை விரிச்ச?" என்றார். அளந்த பிறகு பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்து, நான் குறைத்துவிடவில்லையே என்று பார்த்துத்தான் வாங்கினார்.

ராசாத்தி அக்கா அதற்குள் பாதியைக் கொட்டகைக் காலில் பூசிவிட்டிருந்தார். மாடு அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"காலச் சொரண்டியா தம்பி குடுக்க முடியும்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து இரங்கி, பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். "எதுவரைக்கும் இருந்துச்சுன்னு உள்ள செவப்பாக் கோடு நிக்கிது பாருங்க. மிச்சத்த வேற ஏனத்துல ஊத்திட்டு, கோடு வரைக்கும் தண்ணி ஊத்தி அளந்தாத் தெரிஞ்சிரும்ல?"

சேகரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் தண்ணீர் ஊற்றினோம்.

இப்படியே ஊறுகாய் ஜாடி வரை அளந்து கூட்டியதில் மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வந்தது. புது வாஷர் போட்டு நட்டை இறுக்கி, நீளப் புனல் வைத்து அதே அளவு ரோஸ்மில்க்கை ஊற்றினோம்.

அந்த நேரம் பார்த்துக் கருப்பையா மச்சான் பைக்கில் வந்து இறங்கினார். குழிக்குள் எட்டிப் பார்த்தார். எண்ணெய் வழிந்த தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மாப்ள, இப்பத்தான் என் சாயல் வந்துருக்கு" என்றார். பிறகு, "டிரைவர அஞ்சு மணிக்கு வரச் சொல்லிட்டேன்" என்றார்.

குச்சி சொன்ன சேதி

தனம் வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். வலது காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டு எஞ்சினை ஓட விட்டு, கியர் கம்பியை ஒவ்வொரு இடமாக நிறுத்தி நிறுத்தி நகர்த்தினாள். பின்னால், நடுவில், முன்னால், திரும்பவும் பார்க்கிங். புது ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர வேண்டுமாம். இதை அவள் புத்தகத்தில் படித்திருந்தாள். நான் ஜன்னல் ஓரம் நின்று "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நின்றுகொண்டிருக்கும் வண்டியில் அதைவிட மெதுவாக எப்படிப் போவது என்று அவள் கேட்கவில்லை. பெரிய மனது.

கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கி வந்தபின், எஞ்சின் ஓடும்போதே சேகர் அளவுக் குச்சியை உருவி, துடைத்து, திரும்ப விட்டு எடுத்தான். குச்சியில் இரண்டு கோடு உண்டு. ஆயில் அந்த இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். கீழ்க் கோட்டுக்கும் கீழேதான் நின்றது.

முத்தையா, ராசாத்தி அக்கா, மச்சான், எல்லாரும் குச்சியைச் சுற்றி நின்றார்கள்.

"எவனோ எடுத்துட்டுச் சொல்லாமப் போயிட்டான்" என்றேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. "இன்னும் எவ்வளவு ஊத்தணும்னு தெரியாம ஊத்தவும் பயமா இருக்கு."

மச்சான் மெதுவாகச் செல்போனை எடுத்தார். வேன் டிரைவருக்கு உறுதி சொல்லத்தான்.

"ஒரு டம்ளர்" என்றாள் தனம்.

எல்லாரும் திரும்பினோம்.

"நீங்க எடுத்துக்கங்கன்னு சொன்னீங்கள்ல. நீங்க டீக்குப் போனப்ப நானும் வந்து ஒரு டம்ளர் எடுத்தேன். நம்ம கேட்டுக் கீலுக்கு."

"எந்த டம்ளர்?"

"ஒங்க காப்பி டம்ளர்தான்."

சேகர் சிரிப்பை அடக்க முடியாமல் காருக்குப் பின்னால் போய்விட்டான். அந்த டம்ளரையே கொண்டுவந்து, புது ஆயிலை அதில் ஊற்றி, புனலில் விட்டோம். சேகர் குச்சியை உருவினான். சிவப்பு, இரண்டு கோட்டுக்கும் நடுவில், பொட்டு வைத்த மாதிரி.

ராசாத்தி அக்கா கைதட்டினார். மச்சான் போனைப் பைக்குள் போட்டார். "இருந்தாலும் வேன் நிக்கட்டும்" என்றார், விட்டுக்கொடுக்காமல்.

வீட்டுக்குப் போகும்போது தனத்திடம் சொன்னேன். "காலைல நானும் வாரேன். புது ஆயில், புதுத் தூரம். பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும். காருல அஞ்சு பேரு போகலாம்ல, நீங்க நாலு பேருதான்."

"மொதல்ல தலையில இருக்க ஆயிலக் கழுவுங்க" என்றாள். வரலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தேன். கேட் எழுப்பிவிடும் என்ற தைரியத்தில்.

சத்தம் போடாத கேட்

என்னை எழுப்பியது வேன் ஹாரன். கண்ணைத் திறந்தால் ஜன்னலில் இளவெயில். வாசலில் கோலம் போட்டிருந்தது. அதன் வெள்ளை அழியாமல் டயர் தடம் ஓரமாக வளைந்து போயிருந்தது. நசுங்கிய எலுமிச்சம்பழம் நான்கு.

கருப்பையா மச்சான் வேனிலிருந்து இறங்கி வந்தார். என் இஸ்திரிச் சட்டையையும் கலைந்த தலையையும் பார்த்தார்.

"ஏன் மாப்ள, நீ போகலயா? தங்கச்சி அப்பவே போயிருச்சே. எதுக்கும் பின்னாலயே போவோம்னு வேன எடுத்தேன். பிடிக்க முடியல. திரும்பி வந்துட்டேன்."

அவர் குரலில் வருத்தம் இல்லை. தங்கை தன் வேனைப் பின்னால் விட்டதைத் தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

நான் கேட்டைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். வாழைப்பழத்தில் கத்தி போவது மாதிரி போனது. மூச்சுச் சத்தம்கூட இல்லை. என் காரின் ஆயில், என் டம்ளரில் போய், என் கேட்டின் வாயை அடைத்திருந்தது.

போன் அடித்தது. தனம். புதுக்கோட்டையில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார்களாம். பின்னணியில் மூன்று பெண்கள் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

"வண்டி பட்டு மாதிரி போகுதுங்க. கியர் மாறுறதே தெரியல. நல்லா மாத்திருக்கீங்க."

இப்படி ஒரு பாராட்டு வந்த பிறகு கோபப்படுவது எப்படி? ஆனாலும் கேட்டேன். "அந்த அஞ்சாவது சீட்டு சும்மாத்தானே போகுது? என்னய ஒரு சத்தம் குடுத்து எழுப்பிருக்கக் கூடாதா?"

"சும்மா போகலங்க. பொண்ணுக்குக் குடுக்குற குத்துவிளக்க அதுல வச்சு பெல்ட்டுப் போட்டுருக்கேன்" என்றாள். "அது பாட்டுக்குப் பேசாம வருது."